வர்த்தகமும் பொதுச் சுகாதாரமும் சந்திக்கும் உயர்பதவி: பணி ஆணையில் என்ன எழுதலாம்?

கோப்புக்காரன்
வர்த்தகப் பேச்சுவார்த்தையையும் பொதுச் சுகாதாரத்தையும் சேர்த்துப் பார்க்க, கூடுதல் செயலர் நிலையில் ஓர் அரசு புதுப் பதவி உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். யோசனை புதிதல்ல. நிதி, சுகாதாரம், வர்த்தகம் ஆகிய துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு ஏற்பாடு வேண்டும் என்று 2006 மே மாதமே உலக சுகாதாரப் பேரவை 59.26 எண் தீர்மானத்தில் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இப்படிப்பட்ட பதவிகளின் பணி ஆணையில் வழக்கமாக வருவது ‘ஒருங்கிணைப்பார்’, ‘ஆலோசனை வழங்குவார்’ என்ற இரண்டு வரிதான். அதை வைத்து ஒரு கோப்பைக்கூட நிறுத்த முடியாது.

என் கேள்விகள்: பதவி எந்தத் துறையின் கீழ் இருக்க வேண்டும்? எந்தக் கோப்பு அவர் கையெழுத்தில்லாமல் நகரக் கூடாது? அவருக்குக் கீழே யார் யார் வேண்டும்? கொள்கை உரை வேண்டாம். எந்தப் பிரிவு, எத்தனை நாள், எங்கே சறுக்கும் என்று எழுதுங்கள்.

வரைவுமேசை
வர்த்தகத் துறையின் கீழ்தான். உடன்பாட்டின் வரைவு அங்கேதான் பிறக்கிறது, அங்கேதான் திருத்தப்படுகிறது. ஒரு சுற்றுப் பேச்சு நடக்கும்போது எதிர்த்தரப்பின் திருத்தம் மாலையில் வரும், மறுநாள் காலை பதில் வேண்டும். வேறொரு துறைக்குக் கோப்பு அனுப்பி, அது கீழிருந்து மேலே ஏறி இறங்கி வருவதற்குள் சுற்றே முடிந்துவிடும்.

பேச்சு தொடங்கும் முன்பே சுகாதாரத் துறை உள்ளே இருக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பேச்சாளருக்கு அமைச்சரவை தரும் ஆணையில் ‘அறிவுசார் சொத்துரிமையில் நெகிழ்வு காட்டலாம்’ என்று ஒரு வரி ஏறிவிட்டால், அதற்குப் பிறகு எந்த அதிகாரி வந்தும் பயனில்லை. விட்டுக்கொடுக்க அனுமதி கொடுத்தாகிவிட்டது. சேவைகள் அத்தியாயத்திலும் இதே கதைதான். எதிர்மறைப் பட்டியல் முறையில், விலக்கு கேட்காத துறை எல்லாம் தானாகவே திறந்த துறை. விலக்கிலும் இரண்டு இணைப்புகள் உண்டு. முதல் இணைப்பில் போட்டால் இன்றைய விதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பின்னால் அதைத் தளர்த்தினால், பல்சக்கரம் மாதிரி, பழைய இறுக்கத்துக்குத் திரும்ப முடியாது. இரண்டாம் இணைப்பில் போட்டால் நாளைக்குப் புதுக் கட்டுப்பாடும் கொண்டுவரலாம். மருத்துவமனை, ஆய்வகம், மருத்துவக் காப்பீடு மூன்றும் இரண்டாவதில் இருக்க வேண்டும். சுகாதாரத் துறைக்குத் தெரியாமல் இவை முதல் இணைப்பில் உட்கார்ந்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

மாத்திரைக்கணக்கு
வரைவுமேசை சார், வர்த்தகத் துறைக்குக் கீழே வைத்தால் அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுவது யார்? உடன்பாட்டை முடித்துக் காட்ட வேண்டிய அதே மேலதிகாரி. அவர் எத்தனை முறை ‘முடியாது’ என்று எழுதுவார்?

ஒரு வரி எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பதற்குச் சோதனைத் தரவுப் பிரத்தியேக உரிமையை (முதல் நிறுவனம் கொடுத்த சோதனைத் தரவை நம்பிப் போட்டி மருந்தைப் பதிவு செய்யக் கூடாது என்ற தடை) எடுத்துக்கொள்ளுங்கள். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடான டிரிப்ஸின் 39.3 பிரிவு சொல்வது, மருந்துப் பதிவுக்குக் கொடுத்த வெளியிடப்படாத தரவை நியாயமற்ற வணிகப் பயன்பாட்டிலிருந்து காக்க வேண்டும் என்பதுதான். ஆண்டுக்கணக்கு அங்கே கிடையாது. இருதரப்பு உடன்பாடுகள்தான் ‘குறைந்தது 5 ஆண்டு’ என்று சேர்க்கின்றன. ‘5’ என்ற எண்ணைப் பார்த்துப் பேச்சாளர் நிம்மதியடைவார். கடிகாரம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கணக்குப் போடுங்கள். நிறுவனம் ஒரு பெரிய சந்தையில் 0ஆம் ஆண்டு ஒப்புதல் வாங்குகிறது. நம் நாட்டுக்கு 4ஆம் ஆண்டுதான் வருகிறது. இங்கே ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் 9ஆம் ஆண்டு முடியும். முதல் நாட்டு ஒப்புதலிலிருந்து எண்ணினால் 5ஆம் ஆண்டே முடியும். ஒரே ‘5’, வித்தியாசம் 4 ஆண்டு. அமெரிக்கா 2007 மே மாதக் கொள்கை மாற்றத்துக்குப் பின் பெருவுடன் செய்த உடன்பாட்டில் இந்த இரண்டாவது முறைக்கு இடம் இருக்கிறது. அந்த நாட்டு ஒப்புதலை நம்பிப் பெரு ஆறு மாதத்துக்குள் ஒப்புதல் கொடுத்தால், கடிகாரம் அங்கே தொடங்கிய நாளிலிருந்தே ஓடும். கேட்டால் கிடைக்கக்கூடிய வாசகம் இது. கேட்கத் தெரிந்த ஆள் மேசையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அரசு கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வேறொருவர் தயாரிக்க அனுமதி) கொடுத்துக் காப்புரிமைத் தடையை நீக்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தரவு உரிமை நடப்பில் இருந்தால், மருந்துக் கட்டுப்பாட்டாளர் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்தைப் பதிவு செய்ய முடியாது. உரிமம் கையில் இருக்கும், மருந்து கடையில் இருக்காது. அதனால், பொதுச் சுகாதாரத்தைக் காக்க டிரிப்ஸ் தடையாகக் கூடாது என்ற 2001 நவம்பர் 14 தோஹா பிரகடனத்தை அந்தத் தரவுப் பிரிவுக்குள்ளேயே விதிவிலக்காக எழுத வேண்டும். முன்னுரையில் மரியாதைக்குக் குறிப்பிட்டால் போதாது.

கோப்புக்காரன்
நல்ல உதாரணம். ஆனால் பேச்சுவார்த்தை அன்றாட வேலை இல்லையே. உள்நாட்டில் ஓர் ஒழுங்குமுறை போடும்போது இந்த அதிகாரி என்ன செய்வார்?

பனையோலை
அன்றாட வேலை அறிவிக்கைதான், அதாவது புது விதியின் வரைவை உலக வர்த்தக அமைப்புக்கு முன்கூட்டியே தெரிவிப்பது. பதவியின் பாதி நேரம் இதில் போகும், போக வேண்டும்.

உணவுப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் சர்க்கரை, உப்பு எச்சரிக்கைக் குறி கட்டாயம் என்று சுகாதாரத் துறை விதி போடுகிறது. முதல் கேள்வி: இது எந்த உடன்பாட்டில் வருகிறது? நச்சு, கிருமி, சேர்மானப் பொருள் மாதிரி உணவுப் பாதுகாப்போடு நேரடித் தொடர்புள்ள லேபிள் என்றால் எஸ்.பி.எஸ். (உணவு, விலங்கு, தாவர நலப் பாதுகாப்பு உடன்பாடு). சத்துத் தகவல் என்றால் டி.பி.டி. (வர்த்தகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் உடன்பாடு). இரண்டிலும் சோதனை வேறு. எஸ்.பி.எஸ்.ஸில் இடர் மதிப்பீடு கேட்பார்கள். டி.பி.டி.யில் நோக்கம் நியாயமானதா, தேவைக்கு மேல் வர்த்தகத்தைத் தடுக்கிறதா என்று கேட்பார்கள். தப்பான பெட்டியில் போட்டால் தப்பான கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அடுத்தது, பன்னாட்டுத் தரம் இருக்கிறதா என்று பார்ப்பது. முன்பக்க லேபிளுக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2021இல் வழிகாட்டுதல் ஏற்றிருக்கிறது. விதியின் எந்த வரி அதோடு ஒத்துப்போகிறது, எந்த வரி விலகுகிறது, விலகினால் ஏன் என்று ஒரு பக்கக் குறிப்பு இப்போதே கோப்பில் ஏற வேண்டும். வழக்கு வந்தபின் எழுதினால் அது ஜோடித்த காரணமாகத்தான் படும்.

மூன்றாவது, காலக்கணக்கு. வரைவாக இருக்கும்போதே அறிவிக்க வேண்டும். அரசிதழில் வந்தபின் அறிவிப்பது செல்லாத மொய். கருத்துக்கு 60 நாள். முடியுமானால் 90 நாள் தரச் சொல்லி டி.பி.டி. குழு ஊக்குவிக்கிறது. வந்த கருத்து ஒவ்வொன்றுக்கும் எழுத்துப் பதில். பிறகு இறுதி விதி வெளியீடு. வெளியீட்டுக்கும் அமலுக்கும் நடுவே பொதுவாகக் குறைந்தது 6 மாதம். கூட்டிப் பாருங்கள், வரைவிலிருந்து அமல் வரை ஓர் ஆண்டு ஓடிவிடும். அமைச்சர் மேடையில் ‘மூன்று மாதத்தில்’ என்று அறிவித்த அன்றே சிக்கல் ஆரம்பம். உண்மையான அவசரம் என்றால் டி.பி.டி. 2.10 பிரிவு வழியாக முதலில் அமல்படுத்திப் பிறகு அறிவிக்கலாம். ஆனால் பத்து வருடமாக இருக்கும் உடல்பருமனை ‘அவசரம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

அமெரிக்கா இதில் மாட்டியது. 2009 ஜூனில் சட்டம் கையெழுத்தாகி, மூன்றே மாதத்தில், செப்டம்பரில், மணமூட்டிய சிகரெட்டுக்குத் தடை வந்தது. கிராம்பு சிகரெட் தடைக்குள் வந்தது, மெந்தால் வெளியே நின்றது. கிராம்பு பெரும்பாலும் இந்தோனேசிய இறக்குமதி, மெந்தால் உள்நாட்டுத் தயாரிப்பு. இந்தோனேசியா வழக்குப் போட்டது. 2012இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இரண்டு குறை சொன்னது. ஒன்று பாகுபாடு, இன்னொன்று 6 மாத இடைவெளி தராதது. இளைஞர் புகைப்பதைத் தடுப்பது தவறு என்று யாரும் சொல்லவில்லை. நோக்கம் தேறியது, நாள்காட்டியும் விதிவிலக்கும் தோற்றன.

மற்ற நாடுகளின் வரைவுகளையும் பார்க்க வேண்டும். உறுப்பு நாடுகளின் அறிவிக்கைகளைத் திரட்டும் இ-பிங் தளத்தில் 2016இலிருந்து பொருள்வாரியாக எச்சரிக்கை வாங்கலாம். ஏற்றுமதியாளருக்கு மட்டும்தான் அது உதவும் என்று நினைக்காதீர்கள். வேறொரு நாடு போட்ட எச்சரிக்கை லேபிளுக்கு வந்த ஆட்சேபங்களும் அது கொடுத்த பதில்களும் குழுக் கூட்டக் குறிப்பில் கிடைக்கும். நமக்கு வரப்போகும் கேள்வித்தாள் அதுதான்.

சுங்கக்குறியீடு
யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன்: சுங்கக் குறியீடு. தடுப்பூசி, மருந்து எல்லாவற்றுக்கும் பன்னாட்டு ஒத்திசைவு முறையில் ஆறு இலக்கம் உண்டு. அளவிட்டுப் பொதித்த மருந்து 3004 என்று தொடங்கும். மனிதருக்கான தடுப்பூசி, 2022 பதிப்பில், 3002.41. துணி முகக்கவசம் 6307.90. கடைசியில் இருக்கும் ‘90’ஐப் பாருங்கள். ‘இதர’ தைத்த பொருள்கள் எல்லாம் கொட்டிவைத்த கூடை அது. அந்தக் குறியீட்டில் ஏற்றுமதித் தடை போட்டால் சம்பந்தமில்லாத சரக்கும் துறைமுகத்தில் நிற்கும். வரிவிலக்கு கொடுத்தால் சம்பந்தமில்லாதவரும் விலக்கு வாங்குவார். எட்டு இலக்கத்திலோ பத்து இலக்கத்திலோ உள்நாட்டுப் பிரிவு முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு திறந்தால் முந்தைய ஆண்டுப் புள்ளிவிவரமே இருக்காது, எவ்வளவு வந்தது போனது என்று ஒப்பிடவே முடியாது.

ஏற்றுமதித் தடைக்குச் சரக்கு வர்த்தக உடன்பாடான காட்டின் 11:2(ஏ) பிரிவு இடம் தருகிறது: தற்காலிகமாக, கடும் தட்டுப்பாட்டைத் தடுக்க. ‘தற்காலிகம்’ என்றால் ஆணையிலேயே முடியும் தேதி இருக்க வேண்டும். ‘மறு உத்தரவு வரை’ என்று எழுதுவது பழக்கதோஷம். அறிவிக்கையும் கட்டாயம். 2020 ஏப்ரலில் உலக வர்த்தக அமைப்பு எண்ணியபோது 80 நாடுகளும் சுங்கப் பகுதிகளும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டிருந்தன. அறிவித்த உறுப்பினர்கள் 13தான்.

வரைவுமேசை
பனையோலை சொன்ன ‘நோக்கம் தேறும், விதிவிலக்கு தோற்கும்’ என்பதற்கு இன்னும் சுத்தமான வழக்கு பிரேசில். பழைய டயரில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும், டெங்கு வரும் என்று புதுப்பித்த டயர் இறக்குமதியைத் தடை செய்தார்கள். 2007இல் மேல்முறையீட்டு அமைப்பு தடை ‘அவசியமானது’ என்றே ஏற்றது. ஆனால் மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்பு நாடுகளுக்கு விலக்கு இருந்தது. அந்த ஓட்டை வழியாக டயர் வந்துகொண்டுதான் இருந்தது. காட் 20ஆம் பிரிவின், நியாயமற்ற பாகுபாடு கூடாது என்னும் முகப்பு வாசகத்தில் பிரேசில் தோற்றது. அந்த விலக்கைக் கொடுத்தது சுகாதாரத் துறை இல்லை என்பதைக் கவனியுங்கள். பிராந்திய வர்த்தகக் கடமை அது. இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஆள் இருந்தால் இது முதலிலேயே கண்ணில் பட்டிருக்கும். இந்தப் பதவிக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

பனையோலை
சமோவாவையும் கானாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சமோவா 2007இல் வான்கோழி வால் இறக்குமதியைத் தடை செய்தது. கொழுப்பு மிகுந்த கழிவுத் துண்டு அது. 2012இல் உலக வர்த்தக அமைப்பில் சேர, தடையை எடுத்துவிட்டு உயர்ந்த சுங்க வரிக்கு மாற வேண்டியிருந்தது. கானா வேறு வழியில் போனது. எந்த நாட்டு இறைச்சி என்று கேட்காமல், இறைச்சியில் கொழுப்பு இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உள்நாட்டுக்கும் இறக்குமதிக்கும் ஒரே தரம் வைத்தது. பொருளின் பெயரைச் சொல்லித் தடுப்பதா, பொருளின் குணத்தை அளந்து தடுப்பதா என்ற வித்தியாசம்தான். இரண்டாவது வழிக்கு ஆய்வகமும் மாதிரி எடுக்கும் முறையும் வேண்டும், செலவு உண்டு. அந்தச் செலவை முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும்.

மாத்திரைக்கணக்கு
டிரிப்ஸின் 31 பிஸ் பிரிவு பற்றி யாரும் பேசவில்லை. சொந்தமாக மருந்து தயாரிக்க முடியாத நாட்டுக்கு இதுதான் கதவு, திறப்பது கடினம்.

டிரிப்ஸ் 31(எஃப்) படி கட்டாய உரிமத்தில் செய்த மருந்து பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே. அப்படியானால் தொழிற்சாலையே இல்லாத நாடு என்ன செய்யும்? அதற்காக 2003 ஆகஸ்ட் 30இல் விலக்கு வந்தது, 2017 ஜனவரி 23இல் 31 பிஸ் என நிரந்தரத் திருத்தமானது. நடைமுறை இப்படி: இறக்குமதி நாடு மருந்தின் பெயரையும் தேவைப்படும் அளவையும் அறிவிக்க வேண்டும். தயாரிப்புத் திறன் போதாது என்று உறுதி செய்ய வேண்டும். மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கு இந்த உறுதி தேவையில்லை. காப்புரிமை அங்கும் இருந்தால் அங்கும் கட்டாய உரிமம். ஏற்றுமதி நாட்டின் உரிமம் அந்த அளவுக்கு மட்டும்தான் செல்லும். பொட்டலமோ நிறமோ வடிவமோ வித்தியாசப்பட வேண்டும். சரக்கு கிளம்பும் முன் அளவையும் அடையாளத்தையும் இணையத்தில் போட வேண்டும்.

இந்த வழியில் முழுமையாக மருந்து போய்ச் சேர்ந்தது ஒரே ஒருமுறை: கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு. 2007 ஜூலையில் ருவாண்டா அறிவித்தது. செப்டம்பரில் அபோடெக்ஸ் நிறுவனத்துக்குக் கனடா உரிமம் கொடுத்தது. ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த எச்.ஐ.வி. மாத்திரை, மொத்தம் 1 கோடியே 56 லட்சம். ஒருவருக்கு நாளைக்கு இரண்டு என்றால் சுமார் 21,000 பேருக்கு ஓர் ஆண்டு மருந்து. முதல் சரக்கு 2008 செப்டம்பரில்தான் கிளம்பியது. உரிமம் 15 நாளில் கிடைத்தது, மற்றதெல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டைத் தின்றது. கொள்முதல் ஒப்பந்தப்புள்ளி, தனி நிறம், மாத்திரை மேல் ‘எக்ஸ்.சி.எல்.’ முத்திரை என்று ஒவ்வொன்றும் ஒரு படி. பொலிவியா 2021இல் கோவிட் தடுப்பூசிக்கு இதே வழியில் அறிவிக்கை கொடுத்தது, சரக்கு வரவில்லை.

அதிகாரி செய்ய வேண்டியது என்ன? அறிவிக்கைப் படிவத்தை இப்போதே நிரப்பி, மருந்துப் பெயரையும் அளவையும் மட்டும் காலியாக விட்டு வைத்திருக்க வேண்டும். அளவைக் கொஞ்சம் கூட்டியே எழுத வேண்டும், ஏனெனில் உரிமம் அந்த எண்ணோடு நின்றுவிடும். நோயாளி எண்ணிக்கை கூடினால் மறுபடி முதலிலிருந்து. பல நாடுகள் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கேட்டால் தயாரிப்பாளருக்கும் கட்டுப்படியாகும்.

சுங்கக்குறியீடு
முதலீட்டு அத்தியாயத்துக்கும் அவர் கையெழுத்து வேண்டும். பொட்டலத்தில் 80 சதவீதம் எச்சரிக்கை, ஒரு பிராண்டுக்கு ஒரே வடிவம் என்று உருகுவே போட்ட விதிக்கு எதிராகப் பிலிப் மாரிஸ் நிறுவனம் சுவிட்சர்லாந்து முதலீட்டு உடன்பாட்டை வைத்து வழக்குப் போட்டது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது, செலவுத்தொகையாக 70 லட்சம் டாலர் நிறுவனம் தர உத்தரவானது. வென்றாலும் ஆறு வருடம். அந்த ஆறு வருடம் மற்ற நாட்டு அமைச்சர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள், வழக்குப் போடுபவருக்கு அதுவே லாபம்.

ஆட்கள் விஷயம்: காப்புரிமைக் கோரிக்கை படிக்கத் தெரிந்த மருந்தியலாளர், இடர் மதிப்பீட்டாளர், சுங்க வகைப்பாட்டு ஆள், தகராறு தீர்வு தெரிந்த வழக்கறிஞர், ஜெனீவா தூதரகத்தில் ஒருவர். ஐந்து பேர் போதும். ஐந்து பேரும் பொதுநிர்வாகம் படித்தவர்களாக இருந்தால் ஐம்பது பேரும் போதாது.

கோப்புக்காரன்
இதுவரை வந்ததை வைத்து ஒரு பத்தி எழுதினேன்:

“வர்த்தக உடன்பாட்டு வரைவு, எஸ்.பி.எஸ். மற்றும் டி.பி.டி. அறிவிக்கை, மருத்துவப் பொருள் ஏற்றுமதித் தடை ஆகியவற்றில் வர்த்தகத் துறை இந்த அதிகாரியைக் கலந்தாலோசித்து முடிவெடுக்கும். 5 வேலை நாளில் கருத்து வராவிட்டால் ஆட்சேபம் இல்லை எனக் கொள்ளப்படும்.”

மாத்திரைக்கணக்கு
கடைசி வாக்கியம் பதவியையே ரத்து செய்கிறது. 400 பக்க வரைவை வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினால் போதும், அடுத்த வெள்ளிக்கிழமை இசைவு தானாக வந்துவிடும். ‘கலந்தாலோசித்து’ என்பதையும் எடுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பும் கலந்தாலோசனைதான்.

வரைவுமேசை
அவர் கையெழுத்துக்காகச் சுற்றை நிறுத்த முடியாது என்பதில் நான் மாறவில்லை. ஆனால் நிறுத்த வேண்டியதும் இல்லை. ஒப்புக்கொள்ளாத வாசகத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு மேசையில் வைப்பது பேச்சுவார்த்தை வழக்கம். இசைவு வராத வரிக்கு அடைப்புக்குறி, அவ்வளவுதான். பேச்சு ஓடும், அந்த வரி மட்டும் முடியாது. ஒரு நிபந்தனை: அடைப்புக்குறி போடுபவர் மாற்று வாசகமும் தர வேண்டும். வெறும் அடைப்புக்குறி கடைசி இரவு பேரத்தில் முதலில் விலைபோகும். பதவி எந்தத் துறையின் கீழ் என்பதில் இனி நான் சண்டை போடவில்லை. மதிப்பீட்டைச் சுகாதாரச் செயலர் எழுதட்டும், அறை மட்டும் எங்கள் மாடியில் இருக்கட்டும்.

கோப்புக்காரன்
திருத்தியது:

“மேற்கண்டவற்றில் இந்த அதிகாரியின் எழுத்துமூல இசைவு பெற்ற பின்னரே எந்த வாசகமும் ஒப்புக்கொள்ளப்படும். பேச்சுவார்த்தைச் சுற்றின்போது 24 மணி நேரத்தில் இசைவு வராத வாசகம் அடைப்புக்குறிக்குள் வைக்கப்படும். அதற்கான மாற்று வாசகத்தை அதிகாரி அடுத்த 3 வேலை நாளில் தருவார். அடைப்புக்குறியை நீக்கும் அதிகாரம், இரு துறைகளின் குறிப்பையும் பார்த்த பின், அமைச்சரவைச் செயலருக்கு மட்டுமே உண்டு.”

பனையோலை
‘எந்த வாசகமும்’ என்பதோடு ‘அட்டவணையும் இணைப்பும்’ என்று சேருங்கள். மருத்துவமனை போய் உட்காரும் இடம் இணைப்பு.